திருகோணமலையில் ஒரு கொத்துக் கடை: ரொட்டியும் இரண்டு கைகளும்

இந்தக் கடையில் இதுவரை பதினான்கு தடவை சாப்பிட்டிருக்கிறேன். முதல் தடவை பசியில் போகவில்லை. சத்தத்தைக் கேட்டுத்தான் போனேன்.

சனிக்கிழமை பின்னேரங்களில் பாலையூற்றுப் பக்கம் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக் கொடுக்கிறேன். வகுப்பு முடிந்து உவர்மலைக்குத் திரும்பும் வழியில், அநுராதபுரச் சந்திக்குக் கிட்ட இந்தக் கடை இருக்கிறது. பொழுது பட்டால் திருகோணமலையில் எந்தத் தெருவிலும் கொத்துச் சத்தம் கேட்கும்தான். பெரும்பாலான கடைகளில் அது ஒரு கலகலப்பு, அவ்வளவுதான். இங்கே கேட்டது கணக்கு. தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு. மோட்டார்சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு நாலைந்து ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் நாலைந்து முழுச் சுற்று, நின்று கேட்டேன். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அப்புறம்தான் உள்ளே போனேன்.

கடையின் பெயரை இங்கே போடவில்லை. கொத்துப் போடும் நானாவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) எழுதட்டுமா என்று கேட்டபோது, "கடையைப் பத்தி எழுதுங்க சேர், பேரும் படமும் வேணாம்" என்றார். அவர் சொல்லை மதிக்க வேண்டும். தேடிப் போக விரும்புகிறவர்களுக்கு அடையாளம் சொல்கிறேன்: வாசலிலேயே இரும்புக் கல், அதற்கு மேலே புகை பிடித்த ஒற்றை ரியூப் லைட், உள்ளே ஆறு மேசை, பச்சை பிளாஸ்டிக் கதிரைகள். பின்னேரம் 5 மணிக்குத்தான் கல் சூடேறும். இரவு பத்தரை வரை இருக்கும்.

விலையைச் சொல்லிவிடுகிறேன். முட்டைக் கொத்து 700 ரூபாய், கோழி 950, மரக்கறி 600, இடியப்பக் கொத்து 850. ஒரு கோப்பை இரண்டு பேருக்குக் காணும். எனக்கு முழுக் கோப்பையும் ஒருநாளும் முடிந்ததில்லை, பாதியைக் கட்டிக்கொண்டு போவேன்.

சரி, கைகளுக்கு வருகிறேன். இந்தக் கடைக்கு நான் திரும்பத் திரும்பப் போவதே அதற்காகத்தான்.

நானாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கிண்ணியாவில் பிறந்தவர். முப்பது வருசமாகக் கொத்துகிறார். ரொட்டியைக் கொத்தும் அவருடைய இரண்டு தகடுகளும் ஒன்றுபோல் இல்லை. வலக்கையில் இருப்பது பழையது, தேய்ந்து மெலிந்தது. கல்லில் பட்டால் கணீரென்று மேல் சுருதியில் ஒலிக்கும். இடக்கைத் தகடு பிறகு செய்வித்தது, பாரமானது, அதன் சத்தம் கட்டையானது. இரண்டுக்கும் கூர் கிடையாது. ரொட்டியை வெட்டுவது கூர் அல்ல, பாரமும் வேகமும்தான்.

முதலில் எண்ணெய், வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை. பிறகு கோவா, கரட், லீக்ஸ். முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்கி, அதன்மேல் கிழித்த வீச்சு ரொட்டியைக் கொட்டி, அப்புறம்தான் கொத்தல் தொடங்கும். வலது, இடது, வலது, இடது என்று தகடுகள் மாறி மாறி விழும். நன்றாக உற்றுப் பார்த்தால் இரண்டு கையும் ஒரே வேலையைச் செய்யவில்லை என்று தெரியும். வலக்கைத் தகடு நேர்செங்குத்தாக இறங்குகிறது. இடக்கைத் தகடு சற்றுச் சரிந்து இறங்குகிறது. அது ரொட்டியையும் வெட்டுகிறது, வெட்டிய கையோடு சிதறப் போவதை நடுவுக்கு ஒரு விரல் தூரம் தள்ளியும் விடுகிறது. ஆகையால் குவியல் கல்லின் ஓரத்துக்கு ஓடாமல் அதே இடத்தில் கிடந்து மெல்லச் சுழல்கிறது. இரண்டு ஆவர்த்தனத்துக்கு ஒரு தடவை இடது தகடு அடியில் போய்க் காத்திருக்க, வலது தகடு மேலிருந்து தள்ள, முழுக் குவியலும் ஒரு தரம் புரண்டு விழும். சத்தத்தில் அந்த இடம் ஒரு மூச்சு வாங்குவதுபோல் கேட்கும்.

மிருதங்கம் வாசிக்கிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாறி மாறி அடிக்கும் எட்டு அடியைத் தகிட தகிட தக என்று பிரித்தால், முதல் 'தகிட' வலக்கையில் தொடங்கும். இரண்டாவது 'தகிட' நாலாவது அடியில் தொடங்குகிறது, அது இடக்கையில் போய் விழும். கடைசித் 'தக' மறுபடியும் வலக்கை. நடுவில் வரும் அந்த அழுத்தத்தை இடக்கை தனியாகத் தாங்க வேண்டும். என் மாணவர்கள் எத்தனையோ பேருக்கு அந்த இடத்தில்தான் ஓசை சோர்ந்து போகும். நானாவுக்குச் சோர்வதில்லை. கணீர், கட்டை, கணீர் என்று மூன்று அழுத்தமும் ஒரே கனத்தில் வருகின்றன. ஒரு செக்கனுக்கு ஆறு, ஏழு அடி விழும் வேகத்தில்.

"இதை எப்படிப் பழகினீங்க நானா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இந்தக் கை வெட்டும், மத்தக் கை கூட்டும் சேர். ரெண்டும் ஒரே வேலையைச் செஞ்சா ரொட்டி களியாப் போயிரும்" என்றார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கை அறிந்ததை வாய் சொல்ல வேண்டும் என்று இல்லைதானே.

மிச்சத்தைச் சொன்னவள் என் அக்காவின் மகள். மட்டக்களப்பில் மருத்துவம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தபோது அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். கல்லுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தோம். கோழிக் கொத்து வருவதற்குள் அவள் ஒரு வேலை சொன்னாள்.

"மாமா, ரெண்டு கையாலயும் ஆட்காட்டி விரலை நீட்டுங்க. ரெண்டு விரலும் ஒரே பக்கம் சாயிற மாதிரி ஆட்டுங்க. கார் வைப்பர் மாதிரி. இப்ப வேகத்தைக் கூட்டுங்க."

கூட்டினேன். ஒரு வேகம் வரைக்கும் சரியாகப் போனது. அதற்கு மேல் என் விருப்பத்தைக் கேட்காமலே விரல்கள் மாறிவிட்டன. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து உள்ளே வந்து வெளியே போகத் தொடங்கின, கண்ணாடியில் பார்க்கும் உருவம்போல. நாற்பது வருசம் வாசித்த கை. எனக்கே அப்படித்தான் நடந்தது. வாசிக்கிறவர்கள் இப்போதே செய்து பார்க்கலாம். 1980களில் ஸ்காட் கெல்சோ என்ற ஆய்வாளர் இதைத்தான் அளந்து பார்த்தார். மெதுவாக ஆட்டும்போது இரண்டு விதமும் முடியும். வேகம் ஏற ஏற வைப்பர் விதம் நிலைகுலைந்து கண்ணாடி விதத்துக்குள் விழுந்துவிடும். கண்ணாடி விதத்தில் தொடங்கினால் எவ்வளவு வேகமானாலும் மற்ற விதத்துக்குப் போகாது.

இரண்டு கையும் கண்ணாடி உருவம்போல் அசைவதுதான் மூளைக்கு இலேசு. வெவ்வேறாக அசைப்பது உழைத்துச் சம்பாதிக்க வேண்டியது. இதைக் கேட்டதும் எனக்கு என் வகுப்பு ஞாபகம் வந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு வலக்கையில் 'நம்' என்ற அடியைச் சொல்லிக் கொடுக்கும்போது, மடியில் சும்மா கிடக்கும் இடக்கை விரலும் கூடவே துடிக்கும். "இடக்கையைச் சும்மா வை" என்று எத்தனை பிள்ளைகளை அதட்டியிருக்கிறேன். சின்ன வயதில் அது இயல்பு என்றாள் மருமகள். பத்து வயதளவில் தானாகக் குறைந்துவிடுமாம். அதற்குப் பிறகு நான் ஒரு பிள்ளையையும் அதற்காக அதட்டவில்லை.

ஏன் அப்படி என்று அவள் விளக்கியதை என் சொல்லில் தருகிறேன். வலக்கையை அசைப்பது மூளையின் இடப் பாதி. இடக்கையை அசைப்பது வலப் பாதி. மூளையிலிருந்து இறங்கும் அந்த நரம்பிழைகளில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை, கழுத்துக்குச் சற்று மேலே முகுளத்தில் பக்கம் மாறிக் கீழே போகின்றன. மிச்சம் கொஞ்சம் மாறாமல் அதே பக்கம் இறங்குகின்றன. உடம்பின் நடுப்பகுதியையும் தோளையும் தாங்கும் தசைகளுக்கு இரண்டு பாதியிலிருந்தும் கட்டளை போகும். விரல்களுக்கு அப்படியில்லை, அவை ஏறக்குறைய முழுவதும் எதிர்ப்பக்கத்தின் பொறுப்பு. கனடாவில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1930களில், விழித்திருந்த நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு, எந்த இடம் எந்த உறுப்பை அசைக்கிறது என்று படம் வரைந்தார். அந்தப் படத்தில் முதுகுக்கும் வயிற்றுக்கும் கிடைத்த இடம் கொஞ்சம். கைக்கும் விரலுக்கும் முகத்துக்கும் கிடைத்த இடம் அதைவிட எவ்வளவோ பெரிது.

அப்படியானால் நானாவின் வலது தகடு ஒரு பாதியின் ஆள், இடது தகடு மற்றப் பாதியின் ஆள். இரண்டும் ஒரே கல்லில், ஒரே குவியலில், ஒன்றின் மேல் ஒன்று இடிபடாமல் எப்படி வேலை செய்கின்றன? நடுவில் ஒரு பாலம் இருக்கிறது. கார்பஸ் கலோசம் என்று பெயர். சுமார் 20 கோடி நரம்பிழைகள் அதன் வழியாக இந்தப் பாதிக்கும் அந்தப் பாதிக்கும் போய் வருகின்றன.

பாலம் என்றதும் நான், அங்கே நடப்பதை இங்கே சொல்வதுதான் அதன் வேலை என்று நினைத்துக்கொண்டேன். மருமகள் தலையாட்டிவிட்டு, "அதுவும்தான் மாமா. ஆனா பாதி வேலை, மத்தப் பக்கத்தைப் 'பொறு, நீ இப்ப அசையாதே' எண்டு அடக்கிறது" என்றாள். வலக்கை அடிக்கும்போது இடக்கையும் சேர்ந்து அடிக்கப் பார்க்கும். அதை அடக்கி வைப்பதும் அதே பாலத்தின் வழியாகத்தான் நடக்கிறது. சின்னப் பிள்ளைகளில் அந்த அடக்கம் இன்னும் முதிரவில்லை, அதனால்தான் மடியில் கிடக்கும் விரல் துடிக்கிறது. கொத்துத் தகடு மாறி மாறி விழுவதற்கு ஒரு கை அடிக்கத் தெரிந்திருந்தால் போதாது, மற்றக் கை பொறுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். மிருதங்கத்தில் இதை நாங்கள் வேறு சொல்லில் எத்தனையோ வருசமாகச் சொல்லிக்கொண்டு வருகிறோம். ஆனால் தலைக்குள் அதற்கு ஒரு இடமும் ஒரு பாதையும் இருக்கிறது என்று கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

இன்னொரு ஆராய்ச்சியையும் அவள் சொன்னாள். கொத்துக்கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டதால் நன்றாக மனதில் பதிந்துவிட்டது. மூளையின் முன்பக்கத்தில் இரண்டு பாதியும் எதிரெதிரே முட்டும் உட்சுவரில், அசைவுகளைத் திட்டமிடும் ஒரு பகுதி இருக்கிறது. துணை இயக்கப் பகுதி என்று சொல்லலாம். 1984இல் கோபி பிரிங்க்மன் என்ற ஆய்வாளர் குரங்குகளில் ஒரு பக்கத்தில் மட்டும் அந்தப் பகுதியை அகற்றிப் பார்த்தார். அந்தக் குரங்குகள் முன்பு ஒரு வேலையை வடிவாகச் செய்துவந்தவை. பலகைத் துளையில் செருகியிருக்கும் உணவுத் துண்டை ஒரு கையின் விரலால் மேலிருந்து தள்ளும், மற்றக் கையைக் கீழே விரித்து ஏந்தும். அகற்றிய பிறகு ஏந்த வேண்டிய கையும் தள்ளத் தொடங்கிவிட்டது. இரண்டு கையும் இரண்டு பக்கமிருந்து அதே துளைக்குள் தள்ளின, உணவு அசையவில்லை. பிறகு கார்பஸ் கலோசத்தையும் வெட்டியபோது அந்தக் குழப்பம் நீங்கிவிட்டது. ஒரு பக்கத்தின் கட்டளை பாலத்தைத் தாண்டி மற்றப் பக்கத்தையும் இழுத்துக்கொண்டு போனதுதான் காரணம் என்று தெரிந்தது.

அவள் இதைச் சொல்லி முடித்த நேரத்தில் நானா குவியலைப் புரட்டினார். இடது தகடு அடியில் போய் ஏந்திக்கொண்டு நின்றது. வலது தகடு தள்ளியது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நானாவும் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அடுத்த ஓடருக்கு முன்னால் தகட்டைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் பாலத்தை வெட்டினா மனுசனுக்கு என்னாகும் மகள்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கடுமையான வலிப்பு நோய்க்காக, வேறு வழியில்லாமல் அப்படி வெட்டிய நோயாளிகள் இருக்கிறார்கள். 1960களில் அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெரி அவர்களை வைத்து ஆராய்ச்சி செய்து, அதற்காக 1981இல் நோபல் பரிசும் பெற்றார். வெட்டிய புதிதில் சிலருக்கு ஒரு கை செய்வதை மற்றக் கை குழப்பும் நிலை இருந்ததாகப் பதிவு உண்டு. ஒரு கை பொத்தானைப் பூட்ட, மற்றக் கை கழற்றும். அதே ஆட்களுக்கு இன்னொன்று எங்களைவிட நன்றாக வரும். ஒரு கையால் ஒரு உருவத்தையும் மற்றக் கையால் வேறொரு உருவத்தையும் ஒரே நேரத்தில் வரையச் சொன்னால், எங்களுக்கு இரண்டும் கலந்து கோணலாகிவிடும். அவர்களுக்குக் கலப்பதில்லை.

"அப்ப என்ட கை ரெண்டும் சண்டை பிடிக்குமா?" என்றார்.

"உங்களுக்குப் பயமில்லை நானா. முந்தியே வருசக்கணக்காப் பழகின வேலை பெரும்பாலும் அப்படியே இருக்கும். புதுசா ரெண்டு கை வேலை பழகிறதுதான் கஷ்டம்" என்றாள்.

நானா சந்தோசப்பட்டார். அன்றைக்கு எங்கள் கோப்பையில் ஒரு கோழித்துண்டு கூடுதலாக இருந்தது.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் இது விமர்சனம் இல்லை. கோழிக் கொத்துத்தான் இங்கே முதலிடம். ரொட்டித் துண்டுகள் சின்னவிரல் நகத்தளவு, ஏறக்குறைய எல்லாம் ஒரே அளவு. கறிக் குழம்பு எல்லாத் துண்டுக்கும் ஒரே மாதிரி ஊறியிருப்பதற்குக் காரணம் அதுதான். துண்டு பெரிதும் சிறிதுமாக இருந்தால் சிறிது குழைந்துவிடும், பெரிது உள்ளே வெறும் மாவாக இருக்கும். முன்பு ஒரு கடையில் அப்படித்தான் சாப்பிட்டேன். அங்கே ஒரு பொடியன் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மற்றக் கையால் மட்டும் கொத்தினான். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. இங்கே லீக்ஸும் கோவாவும் மொறுமொறுப்பு போகாமல் இருக்கின்றன. உறைப்பு அளவு. மேலே ஊற்ற வரும் குழம்பில் கறுவாவும் பெருஞ்சீரகமும் முன்னுக்கு நிற்கும், தேங்காய்ப்பால் கொஞ்சம் கூடுதலாக. குழம்பை முழுவதும் ஊற்ற வேண்டாம், பாதி போதும்.

இடியப்பக் கொத்து வேறு விதம். அதற்கு நானா தகட்டை இறுக்கிப் பிடிப்பதே இல்லை. மணிக்கட்டை விட்டு, தூக்கித் தூக்கி விடுகிறார், சத்தம் பாதியாகிவிடும். நூல்கள் அறுபட வேண்டும், நசியக்கூடாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆனால் ஏழரைக்குப் பிறகு போனால் இடியப்பம் முடிந்திருக்கும். மரக்கறிக் கொத்து பரவாயில்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் சைவம். எனக்காகக் கல்லைச் சுரண்டி, கழுவி, எண்ணெய் மாற்றிப் போட்டுத் தந்தார், நான் கேட்காமலே. ஆனால் கல் ஒன்றுதான், தகடும் அதே இரண்டுதான். கண்டிப்பான சைவக்காரர்களுக்கு இது சரிவராது என்று சொல்லிவிட வேண்டும். சீஸ் கொத்தும் போடுகிறார்கள். இளம் பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள். எனக்கு அது எல்லாச் சுவையையும் மூடிவிடுகிறது.

குறைகளும் உண்டு. கல்லுக்குப் பக்கத்து மேசைகளில் வெக்கை தாங்காது, ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் காசு வாங்கும் மேசைக்கு மேலே. கதைக்கவும் முடியாது, கொத்தல் நிற்கும் இடைவெளியில்தான் கதைக்க வேண்டும். கை கழுவும் இடத்தில் இரண்டு தடவை சவர்க்காரம் இருக்கவில்லை. பார்சலை லன்ச் சீட்டில் சுடச்சுட இறுக்கிச் சுற்றிவிடுகிறார்கள், உவர்மலைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆவி இறங்கி ரொட்டி நனைந்து போகிறது. இரண்டு நிமிசம் ஆற விட்டுக் கட்டச் சொல்லுங்கள், செய்து தருவார்கள்.

இனி இந்தக் கடையில் இருக்கும் ஒரு பொடியனைப் பற்றி. இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அவனால்தான்.

மூதூரிலிருந்து வந்து வேலை பழகுகிறவன். பதினெட்டு வயது. கோப்பை கழுவத் தொடங்கி, வெங்காயம் வெட்டி, ரொட்டி வீசப் பழகி, இப்போது தகட்டைக் கையில் எடுத்திருக்கிறான். அவன் இடக்கைக்காரன். ரொட்டி வீசும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மாவு எதிர்ப்பக்கமாகச் சுழன்றது. கொத்தும்போது தகடுகளை நானா பிடிக்கும் பக்கத்திலேயே பிடிக்கிறான், மெலிந்தது வலக்கையில், கட்டை இடக்கையில். ஏனென்றால் கல்லின் இரண்டு பக்கத்திலும் அவை அப்படித்தான் கிடக்கின்றன. ஆனால் முதல் அடியை இடக்கையால் அடிக்கிறான். நேராக வெட்டுவது இடது, சரித்துக் கூட்டுவது வலது. எல்லாம் மறுபக்கம்.

நான் நானாவைக் கேட்டேன், மாற்றிப் பழக்கவில்லையா என்று.

"ஏன் சேர் மாத்தணும்? அவன்ட கை எது மூத்ததோ அதால வெட்டட்டும். ரொட்டிக்குத் தெரியவா போகுது?"

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் இடக்கைக்காரன். உலகத்தில் பத்துப் பேரில் ஒருவர் அளவில் அப்படித்தான். எனக்கு ஒன்பது வயதில் மிருதங்கம் தொடங்கினார்கள். மிருதங்கத்தைத் திருப்பி வைத்தால் இடக்கை வலந்தரையில், அதாவது வழக்கமாக வலக்கை வாசிக்கும் முகத்தில், வரும், அவ்வளவுதான் விசயம். அந்த நாளில் எனக்குச் சொல்லித் தந்தவர் அதற்கு விடவில்லை. இடக்கையால் சாப்பிடக்கூடாது என்பதுபோல இதுவும் ஒன்று என்று நினைத்தார். வலக்கை விரல்கள் படியவே எனக்கு நாலைந்து வருசம் போனது. கூடப் படித்தவர்கள் கச்சேரிக்குப் போகும்போது நான் ஆரம்பப் பாடக்கையோடு உட்கார்ந்திருந்தேன். ஓசை வராத நாட்களில் புறங்கையில் அடியும் விழுந்தது. அவர் கெட்டவர் இல்லை, அவருக்குத் தெரிந்தது அது. இருந்தாலும் அந்த வருசங்கள் எனக்கு இன்னும் வலிக்கின்றன.

இடக்கைப் பிள்ளைகளை வலக்கையால் எழுதப் பழக்கியவர்களின் மூளையைப் பெரியவர்களான பிறகு படம்பிடித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றும் மருமகள் சொல்லியிருந்தாள். எழுதும் கை மாறினாலும் மூளை முழுவதாக மாறிவிடுவதில்லையாம். வலக்கையால் எழுதும்போதும் பழைய பக்கத்தின் சுவடு அங்கே தெரிகிறதாம். அதை நம்ப எனக்குப் படம் தேவையில்லை. இன்றைக்கும் அவசரத்தில் தாளம் போடச் சொன்னால் என் இடக்கைதான் முந்திக்கொண்டு எழும்பும்.

அதேநேரம் இன்னொன்றும் உண்மை. இரண்டு கையும் சமமாக இருக்க வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரெஞ்சு ஆய்வாளர் ஈவ் கியார் 1987இல் எழுதியது இது: இரண்டு கை வேலைகளில் பெரும்பாலானவற்றில் ஒரு கை களத்தை அமைக்கும், மற்றக் கை அந்தக் களத்தில் நுணுக்கமாக வேலை செய்யும். எழுதும்போது ஒரு கை கடதாசியைப் பிடித்து நகர்த்திக் கொடுக்கிறது, மற்றக் கை எழுதுகிறது. தேங்காய் துருவும்போது திருப்பிக் கொடுக்கும் கையும் அழுத்தும் கையும் வேறு. நானா சொன்ன 'வெட்டும் கை, கூட்டும் கை' அதேதான். எது வெட்டும், எது கூட்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறலாம். பிரிந்து செய்யாமல் மட்டும் முடியாது.

என் வகுப்பில் ஒரு சின்னப் பெண்பிள்ளை இருக்கிறாள், இடக்கைக்காரி. ஒரு வருசமாக அவளையும் மற்றவர்களைப் போலத்தான் உட்கார வைத்திருந்தேன். எனக்கு நடந்ததை நானே அவளுக்குச் செய்துகொண்டிருந்தேன் என்பது இந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது. அடுத்த சனிக்கிழமை அவளுடைய மிருதங்கத்தைத் திருப்பி வைத்தேன். அம்மம்மா வந்து, "சேர், சபையில பார்க்க ஒரு மாதிரி இருக்காதா?" என்று கேட்டார். இருக்கட்டும் அம்மா, நான் பொறுப்பு என்றேன். இரண்டாம் கிழமை 'நம்' தெளிவாக விழுந்தது. ஒரு வருசமாக விழாத 'நம்'.

பொடியனின் கொத்து இன்னும் நானாவின் கொத்து ஆகவில்லை. துண்டுகள் கொஞ்சம் பெரிசு. வேகம் கூடும்போது சில சமயம் இரண்டு தகடும் ஒரே நேரத்தில் இறங்கி மோதிவிடும், டங் என்று. முன்பானால் கவனமில்லை என்று நினைத்திருப்பேன். மேசையில் என் விரல்களுக்கு நடந்ததுதான் அவனுக்கும் நடக்கிறது என்று இப்போது தெரியும். அப்படி மோதினால் நானா திட்டுவதில்லை. "மெதுவா, மெதுவா" என்று மட்டும் சொல்வார். அவன் வேகத்தைக் குறைத்து, மறுபடி மாறி மாறி விழும் வரைக்கும் வந்து, பிறகு ஏற்றுவான். நான் வகுப்பில் காலப்பிரமாணம் இறக்கி ஏற்றுவதும் இப்படித்தான். ஆனால் அவ்வளவு பொறுமையாக ஏற்றியிருக்கிறேனா என்று யோசிக்கிறேன்.

அவனுடைய கொத்து வேண்டுமென்றால் செவ்வாய், புதன் இரவுகளில் போங்கள். அந்த நாட்களில் கூட்டம் குறைவு, நானா அவனைக் கல்லில் விடுவார். முட்டைக் கொத்து கேளுங்கள், அது அவனுக்கு நன்றாக வருகிறது. வெள்ளிக்கிழமை கூட்ட நேரத்தில் போகிறவர்களுக்கு நானாவின் கை கிடைக்கும், ஆனால் முக்கால் மணித்தியாலம் காத்திருக்க வேண்டும்.

போன புதன்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. சாப்பிடும் எண்ணம் இல்லை, வீட்டில் புட்டு அவித்து வைத்திருந்தார்கள். கடையைத் தாண்டும்போது எட்டடி கேட்டது. முதல் அழுத்தம் கட்டைச் சுருதியில், நடுவிலது கணீரென்று, மூன்றாவது மறுபடி கட்டை. எட்டிப் பார்க்காமலே கல்லில் யார் நிற்கிறார் என்று தெரிந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு ஆவர்த்தனம் போயிற்று, ஒரு மோதலும் இல்லை. மோட்டார்சைக்கிளைத் திருப்பினேன்.